பூட்டிய வீட்டின் தண்ணீர்த் தாங்கி

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்க நெருங்க, யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வெளிநாட்டுக்காரரின் வீடுகள் ஒவ்வொன்றாகத் திறபடும். முற்றம் கூட்டி, ஒட்டடை அடித்து, மெத்தைகளை வெயிலில் போடுவார்கள். தண்ணீர்த் தாங்கியை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது கொங்கிறீற் தூண்களுக்கு மேலே இருக்கிறது, ஏற ஏணி வேண்டும். வீடு பார்க்கிற பொடியன் போனில், “அன்ரி, தாங்கி நிரப்பி விட்டிட்டன், வந்த உடன குளிக்கலாம்” என்று சொல்லியும் விடுவார். போன வருடம் நீங்கள் விட்டுப்போன அரைத் தாங்கித் தண்ணீருக்கு மேலேதான் அவர் நிரப்பியிருப்பார்.

அந்த அரைத் தாங்கிக்கு இத்தனை மாதத்தில் என்ன நடந்திருக்கும்?

எங்கள் வீடுகளில் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான் மேலே ஏறுகிறது. அதில் தொடக்கத்திலிருந்தே குளோரீன் கிடையாது. குழாய்நீர் இணைப்பு உள்ளவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. வரும்போது இருக்கும் கொஞ்சக் குளோரீன், சூடான தாங்கியில் சில நாட்களிலேயே இல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு பற்றீரியாக்களைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிடச் சுவரில் ஒட்டிக்கொள்வதைத்தான் விரும்பும். ஒட்டிய பிறகு பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்கும். மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வெண்டிக்காய் வெட்டிய கத்தியைத் தொட்டதுபோல வழுவழுவென்று இருந்தால் அதுதான் உயிர்ப்படலம். மேலே இருக்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. மூடி இடுக்கால் விழும் தூசி, செத்த எறும்பு, பல்லி எச்சம் எல்லாம் அந்தப் படலத்துக்குச் சாப்பாடு.

எங்கள் தண்ணீரில் இன்னொரு விசயமும் இருக்கிறது. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கல்லைக் கரைத்தபடிதான் கிணற்றுக்கு வருகிறது. தாங்கியில் வெயில் பட்டுச் சூடாகும்போது அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்சியங் காபனேற்றாகப் படியும். கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைக் காறை இதேதான். தாங்கிச் சுவரில் அது சொரசொரப்பாகப் பிடிக்கும்போது, அதன் பள்ளங்களுக்குள் பற்றீரியாக்கள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். பிறகு குளோரீன் போட்டாலும் அது முழுதாக உள்ளே போய்ச் சேராது.

பாசி வேறு கதை. அதற்கு வெளிச்சம் வேண்டும். பல அடுக்குப் பிளாஸ்ரிக் தாங்கிகளில் ஒரு கறுப்பு அடுக்கு வைப்பது வெளிச்சத்தைத் தடுக்கத்தான். வெயிலில் வெளிறிய பழைய தாங்கி என்றால், பகலில் மூடியைச் சற்றே நீக்கி உள்ளே பாருங்கள். சுவர் மங்கலாக ஒளிர்ந்தால் பாசி வரும். கரையோரக் கிணறுகளின் சவர்த் தண்ணீரில் சல்பேற்று கூடுதலாக இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் அடியில் ஒட்சிசன் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால், சில பற்றீரியாக்கள் அந்தச் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றிவிடும். முதல் நாள் குழாயில் வரும் கூழ்முட்டை மணம் அதுதான்.

மணம் இல்லாததுதான் கூடிய ஆபத்து. 1976 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் கடும் நிமோனியாவால் இறந்தார்கள். காரணமான பற்றீரியாவுக்கு அவர்களுடைய சங்கத்தின் பெயரையே ஒட்டி லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரை நன்றாகப் பெருகும். யாழ்ப்பாணத்து மொட்டைமாடித் தாங்கிக்கு அந்த வெப்பநிலை வருடம் முழுக்க இலவசம். குடிப்பதால் அது தொற்றுவது அரிது. ஷவரில் பறக்கும் நுண்துளிகளை மூச்சோடு உள்ளே இழுத்தால்தான் பிரச்சினை. வயதானவர்களும் புகைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

நுளம்பை எல்லாருக்கும் தெரியும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரச் சுவரில் என்பது பலருக்குத் தெரியாது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மட்டம் உயர்ந்து தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை வெறுமனே திறந்து விடுவது போதாது, சுவரைத் தேய்த்தே ஆகவேண்டும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 செப்ரெம்பரில். அதே வருட இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். கிணறும் தாங்கியும்தான் அதற்கு மிகப் பிடித்த இடங்கள். வழிந்தோடும் குழாயின் வாயில் ஒரு துண்டு நுளம்பு வலை கட்ட எத்தனை நிமிடம் ஆகும்?

சரி, பூட்டிப் போகும்போது தாங்கியை நிரப்பி வைப்பதா, வெறுமையாக வைப்பதா?

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறிய காரவன் வைத்திருக்கும் கனடாச் சொந்தங்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் வண்டியை ஒதுக்கி வைக்கும்போது அதன் தாங்கியையும் குழாய்களையும் முழுதாக வடித்துவிடுவார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரியும், குழாய் வெடித்துவிடும். எங்களுக்கு உறைபனி இல்லை, ஆனாலும் விடை அதேதான்: வடித்து விட வேண்டும். அங்கே குளிர் குழாயைத்தான் உடைக்கும், இங்கே சூடு உயிர்களை வளர்க்கும். அவர்கள் வண்டியில் குழாய்களின் ஆகக் கீழான இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்திருப்பார்கள். எங்கள் தாங்கிகளிலோ வெளியேறும் குழாய் அடித்தளத்திலிருந்து சில சென்ரிமீற்றர் உயரத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். குழாய்களைத் திறந்து காற்று வந்ததும் தாங்கி காலி என்று நினைக்கிறோம். கிட்டத்தட்ட 1.1 மீற்றர் விட்டமுள்ள 1000 லீற்றர் தாங்கியில், மிஞ்சும் தண்ணீர் 5 சென்ரிமீற்றர் என்றாலே நாற்பது லீற்றருக்கு மேல் கிடக்கும். நுளம்புக்கு அது ஒரு குளம். மேசனிடம் சொல்லி அடியில் ஒரு கழுவல் வால்வு போடுவிப்பது நல்லது. இல்லாவிட்டால் கப்பால் அள்ளி, பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டியதுதான்.

ஒன்றை மறக்கக்கூடாது. நிறைந்த 1000 லீற்றர் தாங்கி ஒரு தொன்னுக்கு மேலே. வெறுந்தாங்கியை இரண்டு பேர் தூக்கிவிடலாம். கார்த்திகை, மார்கழிப் புயற்காற்றும் தூக்கும். ஆகவே வடித்த தாங்கியைத் தூணோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

திரும்பி வந்ததும் ஒழுங்குமுறை முக்கியம். முதலில் தேய்த்தல், பிறகுதான் குளோரீன். கிணறு கலக்கி இறைக்கிற ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேறு கிடக்கும்போது மருந்து போட்டால், குளோரீன் சேற்றோடு தாக்கமுற்றே தீர்ந்துவிடும். நீண்ட கைபிடித் தும்பால் சுவரைத் தேய்த்துக் கழுவி வடித்து, தாங்கியை நிரப்பி, வாசனை சேர்க்காத 5 வீத வெளிற்றும் திரவம் என்றால் 1000 லீற்றருக்கு ஒரு லீற்றர் விடவும். அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரீன். வெளிற்றும் தூள் என்றால் 170 கிராம் அளவில் வரும். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிய விட்டுத் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். பழைய தூளில் வீரியம் குறைந்திருக்கும். பிறகு ஒவ்வொரு குழாயையும் குளோரீன் மணம் வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் வடிக்கவும். கிணற்றடிக்கோ வாழைக்கோ அந்தத் தண்ணீர் போகக்கூடாது. காறையைக் கரைக்க வினாகிரி போடுவதென்றால் அது வேறொரு நாள். இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. கீசர் இருந்தால் 60 பாகைக்கு ஏற்றி, ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். வடிகட்டி இருந்தால் பழைய காபன் குடுவையை எறிந்துவிட வேண்டும். அது குளோரீனை உறிஞ்சிக்கொண்டு பற்றீரியாவுக்கு இடம் கொடுத்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு என்று பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. தோட்டங்களில் போடும் உரம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே இறங்கி, வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியிருக்கிறது. குளோரீன் அதை நீக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, அது இன்னும் செறிவாகும். புட்டிப்பாலுக்கு வேறு தண்ணீர்தான் வேண்டும்.