வேல்ஸ் அம்மா, அமெரிக்க அப்பா: பிள்ளைகளுக்கு உள்ள பிரிட்டிஷ் குடியுரிமையும் அதில் உள்ள சிக்கல்களும்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கார்டிஃப், ஸ்வான்ஸீ, பாரி ஊர்கள் பக்கம் முகாம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களைக் கல்யாணம் செய்துகொண்டு, போர் முடிந்ததும் கப்பலேறிப் போன வேல்ஸ் பெண்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. அமெரிக்காவில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது வயது ஆகிறது. அம்மா வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் யாரோ சொன்ன தப்பான பதிலைக் கேட்டுக் கைவிட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்குப் படிவம் நிரப்ப உதவப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சட்டக் கதை சுருக்கமாக: 1983க்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியாக மட்டுமே பிரிட்டிஷ் குடியுரிமை வந்தது. 2003இல் அம்மா வழியையும் சேர்த்தார்கள். ஆனால் 1961 பிப்ரவரி 7க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும். போர்க்கால மணப்பெண்களின் பிள்ளைகள் பெரும்பாலும் 1940களிலும் 50களிலும் பிறந்தவர்கள். அதிக காலம் காத்திருந்தவர்களையே வெளியே நிறுத்திவிட்டார்கள். 2010 ஜனவரியில்தான் அந்தத் தேதியை எடுத்தார்கள். நடுவே போன ஏழு வருடத்தில் எத்தனையோ அம்மாக்கள் இறந்துபோனார்கள்.

இப்போது விண்ணப்பிக்க வேண்டியது ‘யூ.கே.எம்.’ என்ற படிவத்தில். அம்மா இறந்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

பெரும்பாலானவர்களை முடக்கிப் போடுவது ஒரே கேள்விதான்: அம்மா பிரிட்டிஷ் குடியுரிமையை இழந்துவிட்டாரா? அமெரிக்கரைக் கட்டிக்கொண்டதுமே போய்விட்டது என்று உறவினர்கள் அடித்துச் சொல்வார்கள். தப்பு. அந்தப் பழைய விதி 1933லேயே மாறிவிட்டது. கணவனின் நாடு கல்யாணத்தோடு குடியுரிமை கொடுத்தால் மட்டுமே மனைவி தன்னுடையதை இழப்பார் என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவோ 1922க்குப் பிறகு கல்யாணத்தை வைத்துக் குடியுரிமை கொடுப்பதில்லை. ஆகவே 1940களில் நடந்த கல்யாணத்தால் அவர் எதையும் இழக்கவில்லை.

இழந்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, அவராக விண்ணப்பித்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தேதி. 1949 ஜனவரி 1க்கு முன் வாங்கியிருந்தால் அன்றோடு பிரிட்டிஷ் குடியுரிமை போய்விட்டது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வழி அடைபடும், முன்பே பிறந்த பிள்ளைக்கு வாய்ப்பு உண்டு. 1949க்குப் பிறகு வாங்கியிருந்தால் அவர் பிரிட்டிஷ்காரராகவே தொடர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது அங்கே நீதிமன்றத்தில் கையை உயர்த்தி, பழைய நாட்டின் விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று சொன்னது பிரிட்டிஷ் சட்டத்தில் செல்லாது. பிரிட்டிஷ் அரசிடமே எழுதிக் கொடுத்துத் துறந்திருந்தால்தான் கணக்கு.

இப்படி விண்ணப்பிக்க வேண்டிய ஒரு வயதான பெண்மணி தன் தாயாரின் அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்திருந்தார். “இதைக் காட்டினால் எல்லாம் முடிந்துவிடும்” என்று பயந்து வருடக்கணக்கில் வெளியே எடுக்கவே இல்லை. அதில் இருந்த தேதி 1951. அவருக்குச் சாதகமான முக்கியமான காகிதமே அதுதான். ஒரு அலுவலகத்தில் யாரோ போகிறபோக்கில் “வாய்ப்பில்லை” என்று சொன்னதை அவர் அத்தனை காலம் நம்பியிருந்தார். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று. வேல்ஸிலேயே பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பிறப்பாலேயே பிரிட்டிஷ். இந்தப் படிவமே அவர்களுக்கு வேண்டாம், நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினால் இப்போது சிக்கல்தான். அமெரிக்கர்கள் பிரிட்டன் போக வாங்க வேண்டிய மின்னணுப் பயண அனுமதி, பிரிட்டிஷ் குடிமக்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை.

காகிதங்களுக்கு வருவோம். அம்மாவின் முழுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வேல்ஸில் எந்தத் தெருவிலும் நாலு ஜோன்ஸ், நாலு டேவிஸ் இருப்பார்கள் என்பதால் வெறும் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. 1911க்குப் பிந்தைய பிறப்பு அட்டவணையில் குழந்தையுடைய தாயின் கன்னிப் பெயரும் இருக்கும், அதாவது பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர். அதைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். ஊர்ப் பெயரும் ஏமாற்றும். ராண்டா பள்ளத்தாக்குக் கிராமத்தில் பிறந்தவருக்கு அட்டவணையில் பான்ட்டிபிரித் என்று இருக்கும், ஏனென்றால் பதிவு மாவட்டம் அதுதான்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இருந்தாக வேண்டும். அமெரிக்க அலுவலகங்கள் கொடுக்கும் சுருக்கப் பிரதி போதாது. அம்மா மறுமணம் செய்திருந்தாலோ, விண்ணப்பிக்கும் மகள் கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றியிருந்தாலோ, ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் கடிதத்துக்கு மேல் கடிதம் வரும்.

இந்தப் படிவத்தின் வழியாகக் குடியுரிமையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. குடியுரிமை விழாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கலாம், விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இலவசப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்கே பெரிய தொகை கேட்கும் தரகர்கள் உண்டு. தேதி தெளிவாக இருந்தால் அவர்கள் தேவையில்லை. அமெரிக்கக் குடியுரிமை பறிபோய்விடும் என்ற பயமும் வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

பேரப்பிள்ளைகளுக்காக விண்ணப்பிக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இந்தக் குடியுரிமை அவர்களுக்குத் தானாகப் போகாது. பாட்டி பிரிட்டனில் பிறந்தார் என்று காட்டி வாங்கும் விசா காமன்வெல்த் நாட்டவருக்குத்தான், அமெரிக்கர்களுக்கு இல்லை.

விண்ணப்பதாரர் உயிரோடு இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும். அவருக்குப் பின் குடும்பம் கேட்டு வாங்க முடியாது. எண்பது வயதுக்காரரிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அம்மாவின் அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழ் வீட்டில் இல்லையென்றால், மற்ற எதற்கும் முன் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் பழைய ஆவணப் பிரிவுக்கு எழுதிப் போடுங்கள். அந்தப் பதில் வரத்தான் நாளாகும்.