ஒசாத்னிக்: ‘இராணுவக் குடியிருப்பாளர்’ என்று எழுதாதீர்கள்

போலந்து வரலாறு பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் ஆவணப்படங்களின் துணைத்தலைப்புகளிலும் ‘இராணுவக் குடியிருப்பாளர்கள்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. படித்தவுடன் என்ன தோன்றுகிறது? கன்டோன்மென்டுக்குள் குவார்ட்டர்ஸ் வாங்கித் தங்கியிருக்கும் சிப்பாய்க் குடும்பங்கள்தான். சொல்ல வந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. போர் முடிந்து, படையை விட்டு வெளியே வந்து, அரசு கொடுத்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களைப் பற்றிய சொல் அது.

போலிஷ் மொழியில் அவர்களுக்கு ‘ஒசாத்னிக்’ என்று பெயர். ‘ஒசாதா’ என்றால் புதிதாக அமைந்த சிற்றூர். அடியில் இருக்கும் வேருக்கு ‘உட்கார்’ என்று பொருள். வித்வத் சதஸ் என்கிறோமே, அந்தச் ‘சதஸ்’ஸுக்குள் இருப்பதும் இதே இன வேர்தான். ஆக ஒசாத்னிக் என்பவர் ஓர் இடத்தில் அமர்ந்தவர், அல்லது அமர்த்தப்பட்டவர். சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

1919 முதல் 1921 வரை சோவியத் படைகளோடு நடந்த போரில் சண்டையிட்டவர்களுக்கு நிலம் தருவதாக, போர் இன்னும் முறையாக முடியாத 1920 டிசம்பர் 17 அன்றே போலந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நிலம் இருந்தது கிழக்கு எல்லைப்புறத்தில்: வொலின், போலேசியே, நொவொகுரூதெக், வில்னோ வட்டாரங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 45 ஹெக்டேர், நம் கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அதைவிட வெகு குறைவு. சிறப்பாகப் போரிட்டவர்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் இலவசம். 1923-ல் இந்தத் திட்டம் நின்றுபோனது. இவர்களைத் தவிர, பண்ணைகளைப் பிரித்து விற்றபோது காசு கொடுத்து வாங்கி வந்த சாதாரண விவசாயக் குடும்பங்களும் உண்டு. அவர்களும் ஒசாத்னிக்குகள்தான், ஆனால் படையோடு சம்பந்தம் இல்லாதவர்கள். தமிழில் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டாமல் எழுதுவதுதான் முதல் குழப்பம்.

சரி, இதே ஆட்களுக்குத் தமிழில் போடும் இன்னொரு சொல்லான ‘குடியேற்றவாதி’க்கு இப்போது வருகிறேன். ‘குடியிருப்பாளர்’ கவனக்குறைவால் வந்தது, திருத்திவிடலாம். ‘குடியேற்றவாதி’ அப்படி அல்ல, அதைத் தெரிந்தே போடுகிறார்கள். தமிழில் ‘வாதி’ என்று முடிந்தால் அந்த ஆளுக்கு ஒரு கொள்கை இருக்கிறது, அதற்காக அவர் வாதாடுகிறார் என்று பொருள்: பிரிவினைவாதி, சமயவாதி, பெண்ணியவாதி. அந்தப் பண்ணையில் 1930-ல் பிறந்த பெண் குழந்தையை எந்தக் கணக்கில் குடியேற்றவாதி என்பது? வட்டிக்குக் கடன் வாங்கி நிலம் வாங்கிய விவசாயி எந்தக் கொள்கையைப் பரப்ப வந்தான்? கொள்கை அரசுக்கு இருந்தது, அதை நான் மறைக்கச் சொல்லவில்லை. எல்லைப்புறத்தில் போலிஷ் மக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், நம்பகமான ஆட்களை அங்கே நிறுத்துவதும் வெளிப்படையான நோக்கங்கள். அங்கேயே பிறந்து காணி நிலமும் இல்லாமல் தவித்த உக்ரேனிய, பெலருசிய விவசாயிகளுக்கு, தங்கள் கண்ணெதிரே வெளியாட்களுக்கு நிலம் போனது ஆறாத கோபம். அதில் நியாயமும் இருந்தது. எனவே அரசு செய்ததைக் ‘குடியேற்றத் திட்டம்’ என்று எழுதுங்கள், முழுக்கப் பொருந்தும். கல்லோயா பாசனத் திட்டம் தொடங்கி அரசு நடத்திய குடியேற்றங்களைக் கண்ட இலங்கைத் தமிழ் வாசகருக்கு அந்தச் சொல்லின் கனம் தானாகவே விளங்கும். திட்டத்துக்கு இருக்கும் அந்தக் கனத்தை அப்படியே தூக்கி ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் 1939-ல் அந்த எல்லைப்புறம் சோவியத் வசம் போனபின் சோவியத் காவல்துறை செய்ததும் அதேதான். ‘ஒசாத்னிக்’ என்ற சொல்லையே குற்றப்பெயராக்கி, 1940 பிப்ரவரி 10 அன்று உறைபனியில் அந்தக் குடும்பங்களைக் கிழவர் குழந்தைகளோடு சரக்கு ரயிலில் ஏற்றியது. வனக்காவலர் குடும்பங்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 பேர். ஆர்க்காங்கெல்ஸ்க், கோமி, யூரல், சைபீரியா என்று காட்டு முகாம்களில் இறக்கிவிட்டது.

அங்கே அவர்களுக்குக் கொடுத்த அலுவல் பெயரைச் சொல்லுக்குச் சொல் ‘சிறப்புக் குடியேறிகள்’ என்று தமிழாக்குகிறார்கள். படிக்கவே வயிறு எரிகிறது. ஏதோ சலுகை கொடுத்து அழைத்துப் போனது போல இருக்கிறது! ‘நாடு கடத்திக் காவலில் வைக்கப்பட்டோர்’ என்று எழுதினால் நீளம்தான், நீண்டால் என்ன? 1941-ல் விடுவிக்கப்பட்டு, ஈரான் வழியாக நம் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமுக்கும் ஜாம்நகர் அருகே பாலாச்சடிக்கும் வந்து சேர்ந்தவர்களில் இந்தக் குடும்பங்களும் உண்டு. அப்போது அவர்கள் அகதிகள். நிலம் பெற்றபோது, கடத்தப்பட்டபோது, இந்தியா வந்தபோது என்று மூன்றுக்கும் ‘குடியேறிகள்’ என்றே எழுதிவிட்டால், ஒரு குடும்பத்தின் தடத்தை வாசகர் எப்படிப் பின்தொடர்வார்?

‘படைப்பற்று’ என்று கல்வெட்டிலிருந்து எடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது படைக்கென்று விட்ட ஊரைக் குறிப்பது. ஆளுக்கு ஆள் அளந்து கொடுத்த பண்ணைக்கு ஒட்டாது. அதோடு இன்றைய வாசகர் அதைப் படித்தால் படைமேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொள்வார்.

என் முடிவு ‘குடியமர்தல்’ பக்கம். போலிஷ் சொல்லில் இருக்கும் ‘அமர்’ இதிலும் அப்படியே இருக்கிறது. குடி என்பது குடும்பத்தையும் உழவரையும் சேர்த்துச் சொல்கிறது. பழந்தமிழில் அமர் என்றால் போர் என்பது தற்செயல்தான், ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. படையிலிருந்து வந்தவர் ‘குடியமர்ந்த படைவீரர்’. மற்றவர் ‘நிலம் வாங்கிக் குடியமர்ந்தவர்’. முதல் தடவை மட்டும் ஒசாத்னிக் என்ற மூலச்சொல்லையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லழகுக்காக அல்ல. குடும்ப வரலாறு தேடுபவருக்கு, தாத்தா எந்த வகை என்பதைப் பொறுத்துத் தேடும் இடமே மாறுகிறது. படைவீரர் என்றால் வார்சாவில் உள்ள இராணுவ ஆவணக் காப்பகத்தில் அவருடைய கோப்பைத் தேடலாம். நிலம் வாங்கி வந்தவருக்கு அங்கே பெரும்பாலும் எதுவும் இருக்காது. அந்த வட்டாரங்கள் இன்று உக்ரைனிலும் பெலருசிலும் லித்துவேனியாவிலும் இருப்பதால், நிலப் பத்திரங்களுக்கு அந்தந்த நாட்டுக் காப்பகங்களைத்தான் நாட வேண்டும்.

அப்புறம், பெயர்கள். அப்பா கொவால்ஸ்கி என்றால் மகள் கொவால்ஸ்கா. அது போலிஷ் இலக்கணம், அச்சுப்பிழை அல்ல. சோவியத் பட்டியலில் அதே ஆள் ரஷ்ய எழுத்தில், தந்தை பெயரோடு சேர்ந்து வருவார். தமிழில் எழுதுபவர்கள் இதை ‘ஒரே மாதிரி ஆக்குகிறேன்’ என்று மகளையும் கொவால்ஸ்கி ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்துக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்பவருக்கு அப்படி ஒரு பெண்ணே இல்லை என்றுதான் பதில் வரும்.