இங்கிதமா, குறிப்பறிதலா?

"படிப்புல சுட்டி, ஆனா இங்கிதம்தான் சுத்தமா இல்ல." கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் அக்கா மகனுக்கு எட்டு வயது. வியாழனின் நிலாக்களைப் பெயர் சொல்லி அடுக்குவான். போனில் யாராவது "அப்பா இருக்காராப்பா?" என்று கேட்டால், "இருக்கார்" என்று சொல்லி வைத்துவிடுவான். கேட்டதற்குச் சரியான பதில்தானே!

இங்கிதம் வடசொல். அசைதல் என்ற பொருளுள்ள 'இங்க்' அதன் வேர். முதலில் உடலசைவையும், பிறகு அந்த அசைவில் தெரியும் மனக்கருத்தையும் குறித்தது. தமிழ்ப் பேச்சில் அது இடமறிந்து இனிமையாக நடந்துகொள்வது என்றாகிவிட்டது. (கூடவே வரும் நாசூக்கு பாரசீகச் சொல். அங்கே அதற்கு மென்மை என்று பொருள்.)

தமிழில் இதற்குக் குறிப்பறிதல் இருக்கிறது. திருக்குறளில் இரண்டு அதிகாரங்களுக்கு இதே பெயர்: 71, 110. முன்னதில் அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான். பின்னதில் காதலன் காதலியின் கண்ணைப் படிக்கிறான். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' மனதில் மிகுந்ததை முகம் காட்டும் என்கிறது 706ஆம் குறள். பளிங்கு எல்லோருக்கும் தெளிவாய்த் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

எனக்குக் குறிப்பறிதல்தான் பிடிக்கும். 'இங்கிதமில்லை' என்றால் குணத்தின் மேல் விழும் பழி. 'குறிப்பறிய வரவில்லை' என்பது நீச்சல் வரவில்லை என்பதைப் போல.

வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதைக் கடினமாக்கும் வளர்ச்சி வேறுபாடு) பற்றி எழுதியதும் இத்தகைய சிறுவர்களைப் பற்றித்தான்: பேச்சு பெரியவர் பேச்சு, சகவயதினரோடு ஒட்டாது. அதற்காகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று முத்திரை குத்துவது அபத்தம். அமெரிக்க உளவியலாளர் லெட்டா ஹாலிங்வொர்த் வேறொரு காரணம் கண்டார். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 125 முதல் 155 வரை உள்ள பிள்ளைகள் மற்றவர்களோடு கலந்துவிடுகிறார்கள். 180ஐத் தாண்டியவர்களுக்குத் தங்கள் போக்கில் பேசத் துணையே கிடைப்பதில்லை. ஆளில்லாமல் பேசிப் பழகுவது எப்படி?

போன வாரம் மருமகனுக்குச் சொல்லிப் பார்த்தேன்: "அப்பா இருக்காரான்னு கேட்டா, கூப்பிட்டுக் குடுன்னு அர்த்தம்டா."

கொஞ்சம் யோசித்தான். "அப்போ அதையே கேக்கலாம்ல மாமா?"