நீதிபதி பார்க்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது: தென்னாப்பிரிக்காவின் 'பை' சட்டம்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு தாள் வந்தால், அதில் நீதிமன்ற முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது வெறும் கோரிக்கைதான். தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்காரர், மாநகராட்சி, போலீஸ் என யாரும் தாமாக ஒருவரை வெளியேற்றவோ அவர் குடியிருப்பை இடிக்கவோ முடியாது. 1996 அரசமைப்புச் சட்டத்தின் 26(3) பிரிவு சொல்வது இதைத்தான்: எல்லாச் சூழ்நிலைகளையும் எடைபோட்டு நீதிமன்றம் உத்தரவிட வேண்டும், அதற்குப் பிறகே வெளியேற்றம்.

இந்த வரி அரசமைப்பில் ஏன் வந்தது என்பது அந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், யார் எங்கே வாழலாம் என்பதை நிறம் பார்த்து முடிவு செய்தது. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து மட்டும் 60,000-க்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியை இழந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்தன. சரி, நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு எல்லாம் மாறியதா? அதே சாட்ஸ்வொர்த்தில் 1990-களின் கடைசியில், வாடகை பாக்கிக்காக ஏழைகளை வெளியேற்ற வந்தது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மாநகராட்சி. நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஃபாத்திமா மீர், இந்த முறை புதிய ஆட்சியை எதிர்த்து அந்தக் குடும்பங்களோடு நின்றார்.

26(3) பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் சட்டம் 1998-இல் வந்தது. சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் அந்தச் சட்டத்தை, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பை' (PIE) சட்டம் என்கிறார்கள். நீதிமன்றத்தைக் கேட்காமலே குடிசைகளை இடிக்க வழிசெய்த 1951 சட்டத்தை இது ரத்து செய்தது.

இதன்படி, வழக்கு விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகக் குடியிருப்பவருக்கும் மாநகராட்சிக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். விசாரணை என்றைக்கு, காரணம் என்ன, நேரில் வந்து எதிர்வாதம் செய்யவும் சட்ட உதவி கேட்கவும் உரிமை உண்டு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முதியவர்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள் தலைமையிலான குடும்பங்கள் ஆகியோரின் நிலையை நீதிபதி பார்த்தாக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே குடியிருந்தால், போவதற்கு வேறு இடம் இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். உத்தரவு வந்தாலும் அதை நிறைவேற்றுவது ஷெரிஃப் எனப்படும் நீதிமன்ற அமீனாவின் வேலை. வீட்டுக்காரர் கூட்டிவரும் அடியாட்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. உத்தரவில்லாமல் வெளியேற்றினால் அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. இந்தச் சட்டம் யாருக்கும் நிலத்தைச் சொந்தமாக்கித் தராது. நியாயமான எதிர்வாதம் இல்லையென்றால் நீதிமன்றம் வெளியேறத்தான் சொல்லும். ஆனால் எப்போது, எப்படி, எங்கே போவது என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் சொல்லாது.

அந்த 'எங்கே' என்ற சொல்லுக்குப் பொருள் கொடுத்தவர்கள் நீதிமன்றப் படியேறிய ஏழைகள்தான். கேப் டவுனை அடுத்த வாலஸ்டீன் அருகே ஒரு தனியார் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஐரீன் க்ரூட்பூமும் மற்றவர்களும் 2000-இல் அரசமைப்பு நீதிமன்றத்தில் வென்றார்கள். தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களை மறந்த வீட்டுவசதித் திட்டம் நியாயமானதல்ல என்றது தீர்ப்பு. 2004-இல் அவசரகால வீட்டுவசதித் திட்டம் வந்ததற்கு இது முக்கியக் காரணம். க்ரூட்பூம் 2008-இல் இறந்தபோதும் தகரக் கொட்டகையில்தான் இருந்தார். 2011-இல் ஜோஹன்னஸ்பர்க் வழக்கொன்றில், தனியார் வெளியேற்றினாலும் வீதிக்கு வரப்போகிறவர்களுக்குத் தற்காலிக இடம் தருவது மாநகராட்சியின் பொறுப்பு என்று தீர்ப்பானது. வெளியேற்றங்களைக் கட்டாயமாக்கிய குவாசூலு-நட்டால் மாகாணச் சட்டப் பிரிவை, டர்பன் குடிசைவாசிகளின் அபஹ்லாலி பாசெம்ஜொண்டோலோ இயக்கம் 2009-இல் வழக்காடிச் செல்லாததாக்கியது.

வாடகைதாரர்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தம் முடிந்தபின் தங்கியிருப்பவர், கடன் கட்டாமல் வீட்டை இழந்தவர் என இருவரையும் 'பை' காக்கும் என்று 2002-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு இது கிடையாது, குடியிருப்புக்கு மட்டும்தான். பண்ணைகளில் வாழும் தொழிலாளர்களுக்கு 1997-இன் தனிச் சட்டம் இருக்கிறது. தகராறு அதிகம் எழுவது பாதி கட்டிய குடிசைகளில். 'இது இன்னும் வீடு ஆகவில்லை, எனவே உத்தரவு வேண்டாம்' என்று சொல்லி மாநகராட்சிகள் இடிக்கின்றன. அதனால் அங்கே சமைத்தது, தூங்கியது, பொருள் வைத்தது என எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது.

சட்டவிரோதமாக வெளியே தள்ளிவிட்டால் காத்திருக்க வேண்டாம். பறித்த இடத்தில் திரும்ப உட்கார வைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் அவசர மனு போடலாம். குடிசைப் பொருட்களையே அழித்துவிட்ட ஒரு வழக்கில், அந்த மக்களுக்குத் தற்காலிகக் கூரை கட்டித் தரும்படி 2007-இல் உத்தரவானது. பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது போன்ற வீட்டுக்காரர் தொல்லைகளுக்கு மாகாண வாடகைத் தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவை நாடலாம்.

அப்புறம், நோட்டீஸ் வந்தால் விசாரணை நாளில் கட்டாயம் போங்கள். வக்கீல் கிடைக்காவிட்டாலும் போங்கள். வீட்டில் யார் யார், அவர்கள் வயது என்ன, வருமானம் எவ்வளவு, எத்தனை காலமாக அங்கே இருக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வக்கீல் தேட அவகாசம் வேண்டும், மாநகராட்சி மாற்று இடம் பற்றி அறிக்கை தர வேண்டும் என்று நீங்களே நீதிபதியிடம் கேட்கலாம்.