பஞ்சத்தைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரே வேதநூல், ஒரே வசனம். அதைப் படித்துவிட்டு ஒருத்தர் அன்பே உருவாகிறார், இன்னொருத்தர் அரிவாளைத் தூக்குகிறார். இரண்டில் ஒருவர் பொய்தானே சொல்ல வேண்டும்?"

பொய் சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஓட்டுக்கும் துட்டுக்கும் வசனத்தை வளைப்பவர்களைப் புரிந்துகொள்ள அறிவியல் வேண்டாம், அன்றாடச் செய்தித்தாளே போதும். அவர்களை விட்டுவிடுவோம். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் படித்து, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் நேரெதிர் முடிவுக்குப் போய்ச் சேருகிறவர்கள்தான் புதிர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே. மூலமொழி பழையது, பிரதிகளில் நிறுத்தற்குறி இல்லை, எழுதப்பட்ட சூழல் நமக்கு அந்நியம். குர்ஆனின் 3ஆம் அத்தியாயம் 7ஆம் வசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். சில வசனங்களின் உட்பொருள் யாருக்குத் தெரியும் என்று பேசுகிற இடம் அது. ஓரிடத்தில் நிறுத்தி ஓதினால் அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும் என்றாகிறது. நிறுத்தாமல் தொடர்ந்தால் கல்வியில் தேர்ந்தவர்களுக்கும் தெரியும் என்றாகிறது. இரண்டு பக்கமும் பெரிய அறிஞர்கள் இருக்கிறார்கள். விளக்கத்தைப் பற்றிய வசனத்துக்கே இரண்டு விளக்கம்! நம்மூர் வைணவத்தின் வடகலை, தென்கலைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பக்தன் தாயைத் தானே பற்றிக்கொள்கிற குரங்குக்குட்டியா, தாயே கவ்விச் செல்கிற பூனைக்குட்டியா என்ற அவர்களுடைய சரணாகதி விவாதம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இவையெல்லாம் ஏட்டில் இருக்கிற சிக்கல்கள். ஏட்டில் ஒரு சிக்கலும் இல்லாத இடத்திலும் வாசிப்பு இரண்டாகப் பிரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அங்கேதான் வருகிறது.

அமெரிக்காவில் மார்க் ஆலன் பவல் என்றொரு விவிலியப் பேராசிரியர். இறையியல் மாணவர்களிடம் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதையைக் கொடுத்தார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். 12 பேர் சொன்னார்கள். ஒருவர்கூடப் பஞ்சத்தைச் சொல்லவில்லை.

எந்தப் பஞ்சம் என்கிறீர்களா? இளைய மகன் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான், தாறுமாறாகச் செலவழிக்கிறான். கையில் காசு தீர்ந்த பிறகு அந்த நாட்டில் கொடிய பஞ்சம் வருகிறது. பன்றி மேய்க்கப் போகிறான். பன்றி தின்பதையாவது தின்னலாமா என்று ஏங்குகிறான், அதைக்கூட ஒருவரும் கொடுக்கவில்லை. அப்புறம்தான் அப்பாவின் நினைவு வருகிறது. பஞ்சம் 14ஆம் வசனத்தில் பளிச்சென்று இருக்கிறது. ஒளிந்துகொள்ளவெல்லாம் இல்லை.

பவல் விடவில்லை. அமெரிக்கர்கள் 100 பேரிடம் இதையே செய்து பார்த்தார். பஞ்சத்தைச் சொன்னவர்கள் 6 பேர். பையன் பணத்தைக் கரைத்ததை 100 பேரும் சொன்னார்கள். பிறகு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனபோது அங்கே 50 பேரைப் படிக்கச் சொன்னார். 42 பேர் பஞ்சத்தைச் சொன்னார்கள். பணத்தைக் கரைத்த சங்கதி அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாயில்தான் வந்தது.

அந்த நகரத்தின் பழைய பெயர் லெனின்கிராட். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை, 872 நாட்கள், ஜெர்மன் படை அதைச் சுற்றி வளைத்திருந்தது. 1941இன் கடைசி மாதங்களில் ஆலைத் தொழிலாளர் அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் ரேஷன், அதிலும் கலப்படம். லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். பாட்டி சொல்லி, அம்மா சொல்லிப் பஞ்சத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 14ஆம் வசனம் கண்ணில் படாமல் போகுமா?

அதோடு முடியவில்லை. தான்சானியாவில் பவல் கேள்வியை மாற்றிக் கேட்டார்: அந்தப் பையன் ஏன் பட்டினி கிடந்தான்? பெரும்பாலோர் சொன்ன பதில், யாரும் அவனுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்கவில்லை என்பது. அதுவும் கதையில் இருக்கிறது, 16ஆம் வசனத்தில். வழிதவறி வந்த அந்நியனுக்கு ஒரு கவளம் கொடுக்காத ஊர் என்ன ஊர் என்பதுதான் அவர்கள் பார்வையில் கதையின் குற்றச்சாட்டு.

ஆக, ஒருவருக்கு இது பொறுப்பில்லாத பிள்ளையின் கதை. இன்னொருவருக்குக் கெட்ட காலத்தில் மாட்டிக்கொண்டவனின் கதை. மூன்றாமவருக்கு ஈரமில்லாத ஊரின் கதை. மனந்திரும்புதல் எதிலிருந்து என்பதும் மூவருக்கும் மாறிவிடுகிறது. யாரும் ஒரு எழுத்தைக்கூடத் திரிக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிடவேண்டும்: இது கறாரான பரிசோதனை கிடையாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுக்கவில்லை, லெனின்கிராட் முற்றுகைதான் காரணம் என்பதும் பவலின் ஊகமே. ஆனால் 100க்கு 6, 50க்கு 42 என்ற வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் அந்த 94 அமெரிக்கர்களின் தலைக்குள் பஞ்சம் போகவே இல்லையா? போய்த் தொலைந்துவிட்டதா? போய் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதா? மூன்றும் வேறு வேறு. உளவியல் ஆய்வுக்கூடங்கள் இவற்றைப் பிரித்துப் பார்த்த விதம்தான் இந்த விஷயத்திலேயே அழகான பகுதி.

முதலில் கேம்பிரிட்ஜின் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து, சில நாள் கழித்து, சில மாதம் கழித்து என்று திருப்பிச் சொல்லச் சொன்னார். முடிவுகளை 1932இல் வெளியிட்டார். பழங்குடிகளின் குடைவு ஓடம் சாதாரணப் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாகிவிட்டது. பேய்களைக் காணோம். நினைவு என்பது வைத்ததை வைத்தபடி எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை, ஒவ்வொரு முறையும் கைவசம் உள்ள சட்டகத்தில் கதையைப் புதிதாகக் கட்டுகிற வேலை என்றார் பார்ட்லெட்.

1972இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் ஒரு பத்தி எழுதினார்கள். பொருட்களை வகைவாரியாகப் பிரியுங்கள், ஒரே நேரத்தில் அதிகமாகச் செய்யாதீர்கள், முடிந்ததும் மறுபடி பிரித்து அவற்றுக்குரிய இடத்தில் வையுங்கள் என்று போகும். எல்லாம் எளிய சொற்கள், ஆனால் தலையும் புரியாது வாலும் புரியாது. 'துணி துவைப்பது' என்று முன்கூட்டியே தலைப்பைச் சொல்லிவிட்டால் சட்டென்று புரியும், நினைவிலும் நிற்கும். படித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னவர்களுக்கோ ஒரு பிரயோசனமும் இல்லை, தலைப்பே தெரியாதவர்களைப் போலத்தான் தேறினார்கள். சட்டகம் வாசலிலேயே நிற்க வேண்டும், பிந்தி வந்தால் உதவாது. நமக்கு லூக்கா கதை எந்தப் பெயரில் வந்து சேர்ந்தது என்பதை இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள். கத்தோலிக்கருக்கு ஊதாரி மைந்தன், சீர்திருத்தச் சபைக்காரர்களுக்குக் கெட்ட குமாரன். லூக்கா தலைப்பு எதுவும் வைக்கவில்லை. முதல் வரியைப் படிக்குமுன்பே நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இதற்கு நேர்மாறான முடிவைத் தந்த பரிசோதனை அடுத்து வருகிறது, அதில்தான் நான் சொக்கிப்போனேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஆண்டர்சனும் ஜேம்ஸ் பிச்சர்ட்டும் 1978இல் வெளியிட்டது. பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள், ஒருவனுடைய வீட்டில் சுற்றித் திரிகிற கதை. வீட்டில் கலர் டிவி இருக்கிறது, நாணயச் சேகரிப்பு இருக்கிறது, கூரை ஒழுகுகிறது. பாதிப் பேர் அதைத் திருடனாகத் தங்களை நினைத்துக்கொண்டு படித்தார்கள், பாதிப் பேர் வீடு வாங்க வந்தவராக. நினைவிருப்பதை எழுதச் சொன்னால், எதிர்பார்த்தபடியே திருடர்கள் நாணயத்தை எழுதினார்கள், வாங்க வந்தவர்கள் கூரையை எழுதினார்கள். கொஞ்ச நேரம் போனதும், கதையைத் திரும்பக் காட்டாமலே, இப்போது பாத்திரத்தை மாற்றிக்கொண்டு மறுபடி எழுதுங்கள் என்றார்கள். திருடனுக்குக் கூரை ஒழுகியது ஞாபகம் வந்தது! ஐந்து நிமிடத்துக்கு முன்பு எவ்வளவு முட்டியும் வராத தகவல், பாத்திரம் மாறியதும் தானாக மேலே வந்தது.

அதாவது அந்தத் தகவல் உள்ளே போயிருக்கிறது. தொலையவும் இல்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலாக இல்லாததால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். துணி துவைக்கிற பத்தியில் எதுவும் பிடிபடாததால் உள்ளேயே ஏறவில்லை. வீட்டுக் கதை தெளிவாக இருந்ததால் எல்லாம் ஏறியது, எடுக்கும்போதுதான் வடிகட்டப்பட்டது. லூக்கா கதையும் தெளிவான கதைதான். ஆகவே அந்த 94 பேரில் பலருடைய தலையில் பஞ்சம் பத்திரமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. பட்டினி கிடந்தவனாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு அது வெளிவந்திருக்கும்?

மூளைக்குள் இது எப்படித் தெரியும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பிரின்ஸ்டனில் யூரி ஹாசனின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு: மனைவியைக் காணோம் என்று நள்ளிரவில் நண்பனுக்கு ஒருவன் போன் செய்கிற சிறுகதை. மனைவி அந்த நண்பனோடுதான் இருக்கிறாள் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள், கணவன் வெறும் சந்தேகப்பிராணி என்று இன்னொரு குழுவிடம். இருவரும் கேட்டது ஒரே ஒலிப்பதிவு. மூளையின் இயக்கத்தைக் காட்டுகிற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில், டீஃபால்ட் மோட் நெட்வொர்க் எனப்படும் உயர்நிலைப் பகுதிகளின் ஏற்ற இறக்கம் ஒரே குழுவினருக்குள் ஒத்துப்போனது, எதிர்க்குழுவோடு அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. ஸ்கேனைப் பார்த்தே யார் எப்படிப் புரிந்துகொண்டார் என்று தற்செயலைவிட நன்றாகக் கணிக்க முடிந்தது. அவர்களுக்குக் கொடுத்தது ஒரு சிறிய முன்குறிப்பு மட்டும். ஊரும் குடும்பமும் ஆண்டுக்கணக்காக ஊட்டுவது இதைவிட ஆழமாகத்தானே இறங்கும்?

இன்னொரு சங்கடமான ஆய்வும் உண்டு. 2009இல் நிக்கலஸ் எப்ளியும் சகாக்களும் அமெரிக்க விசுவாசிகளிடம் மரண தண்டனை பற்றி உங்கள் கருத்து என்ன, சராசரி அமெரிக்கரின் கருத்து என்ன, கடவுளின் கருத்து என்ன என்று கேட்டார்கள். கடவுள் பெரும்பாலும் கேட்கப்பட்டவரோடு ஒத்துப்போனார். ஒத்த கருத்துள்ள கடவுளைத் தேடிப் போயிருக்கலாமே என்பீர்கள். அதனால் அவர்கள் இன்னொன்று செய்தார்கள். கேமரா முன்னால் தங்கள் நம்பிக்கைக்கு எதிராகப் பேசவைத்தார்கள். அப்படிப் பேசியவர்களின் சொந்தக் கருத்து கொஞ்சம் நகர்ந்தது, கடவுளின் கருத்தும் அவர்களோடு சேர்ந்தே நகர்ந்தது. சராசரி அமெரிக்கரின் கருத்து அப்படி நகரவில்லை. கோபம் வர வேண்டாம். கடவுள் இல்லை என்று இது நிரூபிக்கவில்லை. வசனத்துக்கு அர்த்தம் தெரியும் என்று மேடையில் முழங்குகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது, அவ்வளவே.

என் ஆதங்கம் ஒன்று. ஸ்கேன் இயந்திரம் உள்ள ஆய்வுக்குத்தான் பணமும் பரபரப்பும். பவல் செய்தது காகிதமும் காதும் கொண்டு செய்கிற வேலை, நம் நாட்டில் அதற்குத் தோதான களம் கொட்டிக் கிடக்கிறது. நந்தனார் கதையையே எடுத்துக்கொள்ளலாம். சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூர் இருக்கிறது, திருப்புன்கூரில் விலகும் நந்தி இருக்கிறது, தில்லைத் தீ இருக்கிறது. சிதம்பரம் போக விடாமல் தடுத்து, நாற்பது வேலி நிலத்து வேலையைச் சுமத்துகிற அந்தண நிலக்கிழார் கிடையாது. அவர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரக் கீர்த்தனைகளில் வந்து சேர்ந்தவர். பெரியபுராணப் பாடல்களை மட்டும் படிக்கக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அக்கிரகாரத்தில் 50 பேர், சேரியில் 50 பேர், சென்னை ஐடி கம்பெனி ஒன்றில் 50 பேர் என்று கதை கேட்டால், யார் கதையில் அந்த நிலக்கிழார் தானாக வந்து நிற்பார், யார் கதையில் தீ காணாமல் போகும்? முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிற உளவியல் மாணவர் யாராவது செய்யலாம். பஸ் கட்டணமும் நோட்டுப் புத்தகமும்தான் செலவு.