உங்கள் விளையில் இப்போது என்ன இருக்கிறது?

ஒரு சித்திரை மாதத்து வெயிலில், திருவட்டார் பக்கத்திலிருந்து ஒரு அக்கா என்னைப் பார்க்க வந்தார். சர்க்கரை கூடியிருந்தது. கையில் எங்கோ வாங்கிய பழைய உணவுப் பட்டியல். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், இரவு சப்பாத்தியும் வேகவைத்த புரோக்கோலியும். மூன்று மாதம் முயன்று பார்த்திருக்கிறார்.

"ஓட்ஸ் தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது மேடம். ஆப்பிள் வாங்கி வாங்கி காசுதான் தீருது. நம்ம விளையில சக்க காய்ச்சுக் கெடக்கு, முருங்க நிக்கு, வாழ நிக்கு. அதெல்லாம் திங்கக்கூடாதுண்ணு நெனச்சுட்டேன்" என்றார். எங்கள் பக்கத்தில் பலாவைச் சக்கை என்போம்.

நாகர்கோவிலில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். அந்தத் தாளைப் போன்ற பட்டியல்களை ஆரம்ப காலத்தில் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தின்படி அவற்றில் பிழை கிடையாது. ஆனால் அந்த வீட்டுக்கும் அந்த மாதத்துக்கும் அவை பொருந்தவில்லை. இப்போது யார் வந்தாலும் எடை பார்ப்பதற்கு முன்பே நான் கேட்பது, "உங்க விளையில இப்ப என்ன நிக்குது?" என்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. விளை என்பது வீட்டைச் சுற்றியோ வீட்டுக்குப் பக்கத்திலோ தென்னையும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) கலந்து நிற்கும் மேட்டு நிலம். குமரி மாவட்டத்தில் எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'விளை' என்றுதான் முடியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் எங்களுக்குக் கிடைக்கின்றன. வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல். ஆண்டின் எந்த மாதத்திலும் மண்ணிலோ மரத்திலோ கடலிலோ சாப்பிட ஏதாவது இருக்கும். வயல் பல இடங்களில் வீட்டுமனையாகவும், மலையோரம் ரப்பராகவும் மாறிய பிறகும், மிச்சமிருக்கும் விளைகளில் இந்தச் செல்வம் குறைந்துவிடவில்லை.

ஆப்பிள் கெட்ட பழமல்ல. ஆனால் காஷ்மீரிலோ இமாச்சலிலோ ஆகஸ்ட், செப்டம்பரில் பறித்து, குளிர்க்கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருந்த பழம்தான் கோடையில் நம் கைக்கு வருகிறது. 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம் அளவுதான். அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுக் கொய்யாவை எடுத்துப் போகக் கூச்சப்பட்டு ஆப்பிள் வாங்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மட்டிப்பழம் என்கிற எங்கள் ஊர் வாழைப்பழமும் அப்படித்தான். இங்கே பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஊட்டும் பழம் அது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விருந்தாளிக்கு வைக்கும் தட்டில் அதற்கு இடம் குறைந்து வருகிறது.

சக்கைக்கு வருகிறேன். அந்த அக்காவின் பயம் பாதி சரி. பழுக்கும்போது சக்கையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் பழுத்த சுளையை இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பச்சைச் சக்கையின் கதை வேறு. பிஞ்சான இடிச்சக்கையைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைக்கலாம். விளைந்த பச்சைச் சக்கையைத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துப் போட்டு அவித்தெடுத்தால் ஒரு நேரச் சோற்றுக்குப் பதிலாகும். பதிலாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சோறும் தின்று அதற்கு மேல் சக்கையும் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சக்கைக்குருவையும் (பலாக்கொட்டை) தூக்கிப் போடாதீர்கள். மாங்காயும் முருங்கைக்காயும் சேர்த்துக் குழம்பு வைத்தால், கடையில் பருப்பு வாங்காமலே அன்றைய கறி முடிந்தது.

மரச்சீனிக்கும் இதே கணக்குதான். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பசியாற்றியதும் இதுதான். பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு. அதனால்தான் பாட்டிமார் தொலியை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைந்தார்கள். கூடவே மீன்குழம்பு வைத்ததிலும் அர்த்தம் இருக்கிறது. கிழங்கில் புரதம் மிகக் குறைவு. மீனின் புரதம் அந்தக் குறையை ஈடுகட்டுவதோடு, மிச்சமிருக்கும் நஞ்சை உடல் முறித்து வெளியேற்றவும் உதவுகிறது. மரச்சீனியைத் தனியாக வயிறு நிறையத் தின்னாதீர்கள். பக்கத்தில் சாளையோ (மத்தி) நெத்தோலியோ (நெத்திலி), சைவர்களாக இருந்தால் பயறோ இருக்கட்டும்.

மீனுக்கும் பருவம் உண்டு என்பதை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். இரண்டு கடற்கரைகளும் உள்ள மாவட்டம் இது. விசைப்படகுகளுக்குக் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குப் பக்கம் ஜூன், ஜூலையிலும் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எங்கிருந்தோ ஐஸில் வந்த மீன்தான் கிடைக்கும். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் கொண்டுவரும் சின்ன மீன்களைத் தேடி வாங்குங்கள். முள்ளோடு மென்று தின்னும் நெத்தோலியில் கால்சியம் இருக்கிறது. சாளையில் இருதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. விலையும் நெய்மீனைவிட (வஞ்சிரம்) பல மடங்கு குறைவு.

கீரையில்தான் 'அப்போதே பறித்தது' என்பதன் மதிப்பு கண்கூடாகத் தெரியும். பறித்த நேரத்திலிருந்தே கீரையின் வைட்டமின் சி குறையத் தொடங்குகிறது. வெயிலில் வாடி, இரண்டு நாள் கடையில் கிடந்தால் பெரும்பகுதி போய்விடும். இரும்பு, கால்சியம், நார்ச்சத்து அப்படிப் போகாது. அதனால் கடைக்கீரை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பை ஒடித்து, பத்தே நிமிடத்தில் தேங்காய் போட்டுத் துவரன் வைக்க முடிகிறவர்கள் ஏன் கடைக்குப் போக வேண்டும்?

ரத்தம் குறைவாக இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு அவள் மாமியாரும் வந்திருந்தார். மருமகளுக்காக விலை உயர்ந்த சத்துமாவு டப்பா வாங்கி வைத்திருந்தார். வீட்டு மதிலோரம் முருங்கை நிற்கிறதாம், இலை உதிர்ந்து பெருக்கித் தள்ளுகிறார்களாம். "டாக்டர் எழுதின இரும்பு மாத்திரையை விடக்கூடாது. அதோட தினம் ஒரு கை முருங்கைக்கீரை, சாப்பிடும்போது ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சோறு தின்ன உடனே சாயா வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்" என்றேன். கீரையின் இரும்பு உடலில் சேர வைட்டமின் சி துணை வேண்டும், சாயா அதைத் தடுக்கும். அந்த அம்மா மருமகளைப் பார்த்து, "கேட்டியா மக்களே, நாளையிலேருந்து மதிலுக்குப் பக்கத்துல நான் பெருக்க மாட்டேன், பறிப்பேன்" என்றார்.

நம் ஊர்ப் பொருள் என்றால் எல்லாருக்கும் எவ்வளவும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருப்பட்டி சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தவறு, அதுவும் சர்க்கரைதான். சம்பா அரிசிக்கும் அளவு உண்டு. புளிச்சிக்காயை (பிலிம்பி) மீன்குழம்பில் நாலைந்து போடுவதில் குற்றமில்லை. கொழுப்பு குறையும் என்று அதைச் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு, அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம்தான் காரணம். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம், கீரையைக்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். இவற்றில் பொட்டாசியம் அதிகம்.

விளை இல்லாதவர்கள் என்ன செய்வது என்று நாகர்கோவிலில் மூன்று சென்ட் வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி மூன்றும் மதிலோரம் போதும். முருங்கைக்கு விதைகூட வேண்டாம், கம்பு நட்டால் பிடித்துவிடும். அடுக்களைத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு வாழை. மாடியில் பழைய சாக்கில் மண்ணும் தொழுவுரமும் கலந்து தண்டங்கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். ஆனி, ஆடி மழையில் கீரை விதை அடித்துப் போய்விடும், மழை ஓய்ந்து விதையுங்கள். கொஞ்சம் இடம் இருந்தால் மாசியில் சேனையும் காய்ச்சில் கிழங்கும் நடுங்கள். அதன் பிறகு அவை அதிகம் கவனிப்பைக் கேட்பதில்லை. பொங்கலுக்குள் தோண்டி எடுக்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு தோண்டுங்கள். கீரையைத் தொடாத பிள்ளைகூடத் தான் தண்ணீர் ஊற்றியதைத் தின்று பார்க்கும். பல வீடுகளில் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

திருவட்டார் அக்காவுக்கு அன்று நான் எழுதிய தாளில் ஓட்ஸ் இல்லை. காலையில் சம்பா அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம், அதோடு பயறு, காணத்துவையல் (கொள்ளுத் துவையல்). சக்கை தீரும்வரை மதியத்தில் வாரம் மூன்று நாள் சோற்றுக்குப் பதில் பச்சைச் சக்கை. அப்புறம் கீரை, சின்ன மீன், சாயங்கால நடை. மாத்திரை எப்போதும் போல.

மார்கழியில் திரும்பி வந்தபோது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கியிருந்தது. ஒரு துணிப்பையை என் மேசைக்குக் கீழே வைத்தார். மண் ஒட்டிய காய்ச்சில், ஒரு பிள்ளையின் கால் தண்டி. "பாதி அவிச்சுத் தின்னுங்க மேடம். தலைப்பக்கத்த வெட்டி வெச்சிருங்க, மாசியில நடலாம்" என்றார். வெட்டிய பக்கத்தில் சாம்பல் தடவி, அடுக்களை மூலையில் வைத்திருக்கிறேன்.