கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர 7.5 சதவீத ஒதுக்கீடு: செட்டிநாட்டுப் பிள்ளைகள் எங்கே தவறவிடுகிறார்கள்?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நகரத்தார் அறக்கட்டளைகள் தொடங்கிய பழைய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறும் பள்ளிகள். வாத்தியாருக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடப்புத்தகமும் இலவசம் என்பதால் அரசுப் பள்ளி என்றே பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் இந்த ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் அடக்கம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஏழு வருடமும் இவற்றிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்கோ, உதவி பெறும் பள்ளிக்கோ, அப்பா கடை வைத்திருக்கும் வெளிமாநிலத்துக்கோ போய் வந்திருந்தாலும் தகுதி போய்விடும். ஒரு விலக்கு உண்டு: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் பெற்று எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்தவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். ஆக, முடிவு எடுக்கும் நேரம் பிளஸ் டூ அல்ல, ஐந்தாம் வகுப்பு முடியும் கோடை விடுமுறை.

இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுப் பிறகு இதைக் கேட்க முடியாது.

அடுத்தது பிளஸ் ஒன் குரூப். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் முழுசாக 100, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 80 என்றால் 92 + 42 + 40 = 174. கணினி அறிவியலில் 98 வாங்கியிருந்தாலும் அது இதில் சேராது. ஊர்ப் பள்ளியில் கணினி அறிவியல் குரூப் இல்லையே என்று பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுவது இதனால்தான் இரட்டை நஷ்டம். கணிதம்–உயிரியல் குரூப் படித்தவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. சேரலாம். மாறாக, வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுத்தால், பெயரில் கணினி இருந்தும் கணிதம் இல்லாததால் அந்த வழி அடைபடும், பி.சி.ஏ. போன்ற படிப்புகளைப் பார்க்க வேண்டியதுதான்.

சீட் கிடைத்த பிறகும் ஓர் இடைவெளி இருக்கிறது. கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் பார்த்திருப்பார்கள். மற்றவர்கள் முதல் செமஸ்டரில் திணறுவார்கள். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை அதில் உள்ள பைத்தான் நிரல்களைத் தானே தட்டச்சு செய்து ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிய நிரல், கல்லூரி லேபில் பிழை காட்டும்போது கைகொடுக்காது.

விண்ணப்பத்தில் சிக்குவது பெரும்பாலும் எமிஸ் எனப்படும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி என்ற விவரமும், பெயரின் இனிஷியலும் டிசி, ஆதார், மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குள் தலைமையாசிரியரிடம் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு பழைய நடுநிலைப் பள்ளியைத் தேடிப் போனால் கோடை விடுமுறையில் பூட்டுத்தான் இருக்கும்.

உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டாலும், மாதம் 1000 ரூபாய் உண்டு: மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். அதே பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவுக்குக் கிடையாது. விண்ணப்பிக்க வேண்டியது, சேர்ந்திருக்கும் கல்லூரி வழியாக. பணம் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை.